குயாஷ் கசந்துபோச்சு. பப்ரிகாவை என்ன தப்பு பண்ணேன்?

தேனிக்காரன்_டெப்ரெசென்

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர்ல ஹங்கேரியில இருக்கிற டெப்ரெசெனுக்குப் படிக்க வந்தவன். ஊர் தேனி பக்கம். சமையல் சுமாரா வரும், கறிக்குழம்பு வச்சா நாலு பேர் தைரியமா சாப்பிடலாம்.

போன ஞாயித்துக்கிழமை இந்த ஊர்க் கறிச் சாப்பாடான குயாஷ் வச்சேன். வச்ச முறையை மறைக்காம சொல்றேன், திட்டுறவங்க திட்டிக்கலாம். மாட்டுக் கால்கறி 600 கிராம் (கடையில ‘மர்ஹாலாப்சார்’னு எழுதியிருந்தது), வெங்காயம் ரெண்டு, இஞ்சி பூண்டு விழுது, தக்காளிப் பேஸ்ட் ஒரு சின்ன டப்பா. எண்ணெயில வெங்காயம் பொன்னிறமா வதங்கினதும் பப்ரிகாத்தூள் மூணு பெரிய ஸ்பூன் போட்டு, பச்சை வாசனை போகட்டும்னு நாலஞ்சு நிமிஷம் வதக்கினேன். எங்கம்மா மிளகாய்த்தூளை அப்படித்தான் வதக்குவாங்க. சீரகம் ரெண்டு ஸ்பூன் பொடிச்சுப் போட்டேன். பாக்கெட்ல ‘கொமேன்’னு போட்டிருந்தது, உள்ள பாத்தா சீரகம், வாங்கிட்டேன். கடைசியில கார்ன்ஃப்ளவர் கரைச்சு ஊத்தி கெட்டியாக்கினேன். படத்துல எல்லாம் கெட்டியாத்தான் இருந்துச்சு.

வந்தது கருப்பட்டிப் பாகு நிறத்துல ஒண்ணு. கசப்பு. அதுக்கு மேல ஏதோ பல்லு வைத்தியர் வீட்டு மணம். என்கூட தங்கியிருக்கிற உள்ளூர்ப் பையன் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வச்சுட்டு ‘ஏர்தெகெஷ்’னான். சுவாரசியமா இருக்குன்னு அர்த்தமாம். நான் பாராட்டுன்னு நினைச்சு இன்னொரு கரண்டி ஊத்தப் போனேன், தட்டை நகர்த்திட்டான். அப்புறம் மெதுவா, “இது குயாஷ் இல்லை. தாராளமா சொன்னா பொர்கொல்ட்” அப்படின்னான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன், அவனுக்கு விளக்க வரல. குயாஷ்னா குயாஷ், அவ்வளவுதான்.

இப்ப சிக்கல் என்னன்னா, வர்ற சனிக்கிழமை எட்டுப் பேரை சாப்பிடக் கூப்பிட்டாச்சு. மூணு பேர் சைவம். அதுல ஒரு பொண்ணு முட்டையும் தொடாது. மாடு சாப்பிடாத ஒருத்தரும் இருக்கார். ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்த அலுமினிய குக்கர் இங்க இண்டக்‌ஷன் அடுப்புல வேலை செய்யாது, அதுல இப்ப உருளைக்கிழங்கு குடியிருக்கு. ரெண்டு பெரிய பாத்திரம், ரெண்டு அடுப்பு. எப்படிச் சமாளிக்கிறது?

காரசாரம்

சிம்பிள் தம்பி. பப்ரிகா எல்லாம் வெறும் கலர்பொடி. ஏசியன் ஸ்டோர்ல காஷ்மீரி மிளகாய்த்தூள் வாங்குங்க, கொஞ்சம் கரம் மசாலா, கடைசியில ஒரு கப் சவர் கிரீம். செம்மையா வரும். நான் மூணு தடவ பண்ணிருக்கேன், ஒரு பருக்கை மிஞ்சல.

பொருநைக்காரன்

காரசாரம் அண்ணாச்சி, நீங்க வச்சது நல்லாவே இருந்திருக்கும், சந்தேகமில்ல. ஆனா அது நம்மூர் மாட்டுக்கறிக் குழம்பு. அதுக்குக் குயாஷ்னு பேர் வச்சு அந்த உள்ளூர்ப் பையன் முன்னாடி வச்சா இன்னொரு ‘ஏர்தெகெஷ்’தான் கிடைக்கும்.

தம்பி, நான் திருநெல்வேலி. இதே ஹங்கேரியில செகெட்ங்கிற ஊர்ல பதினோரு வருஷமா இருக்கேன். குயாஷ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியவர். இங்க வயசானவங்களைப் பேருக்குப் பின்னால ‘பாச்சி’ சேர்த்துக் கூப்பிடுவாங்க, நம்ம ஊர்ல மாமா சேர்க்கிற மாதிரி. நான் பேரை விட்டுட்டு வெறும் பாச்சின்னே கூப்பிடுவேன். டிஸா ஆத்தோரம் அவருக்குச் சின்னதா ஒரு தோட்டவீடு. மூணு கால் முக்காலி, அதுல சங்கிலி, சங்கிலியில போக்ராச்சுன்னு ஒரு கொப்பரை, கீழ விறகு. முதல் தடவை போனப்ப நானும் உங்களை மாதிரிதான் கரண்டியைப் பிடுங்கிப் பப்ரிகாவை வதக்கப் போனேன். கையில ஒரு அடி விழுந்தது. செல்லமாத்தான், ஆனா வலிச்சது.

நீங்க பண்ண பெரிய தப்பு: பப்ரிகாவை மிளகாய்த்தூள்னு நினைச்சது. ‘பச்சை வாசனை போகணும்’ங்கிறது நமக்குப் பால்குடியோட வந்த பாடம். பப்ரிகாவுக்குப் போக வேண்டிய பச்சை வாசனையே கிடையாது. இருக்கிற வாசனைதான் நமக்கு வேணும். சதைப்பத்தான, இனிப்பான பழத்தைக் காயவச்சு அரைச்ச பொடி அது. சர்க்கரைச் சத்து அதிகம். சூடான எண்ணெயில அரை நிமிஷம் கூடுதலா நின்னாலே கருகும், கசக்கும். நீங்க அஞ்சு நிமிஷம் வதக்கியிருக்கீங்க. கருப்பட்டி நிறம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுதா?

அந்தச் சிவப்புச் சாயம் கொழுப்புலதான் இறங்கும், தண்ணியில இறங்காது. அதனால எண்ணெயில போட்டே ஆகணும். ஆனா பத்து செகண்ட் போதும். பாத்திரத்தை அடுப்புல இருந்தே தூக்கி வேற இடத்துல வைங்க. அரை நிமிஷம் ஆறட்டும். பப்ரிகா போடுங்க, ரெண்டு கிண்டு, உடனே அரை டம்ளர் தண்ணி. அப்புறம்தான் திரும்ப அடுப்பு. நான் இன்னைக்கும் பாத்திரத்தைக் கீழ இறக்கும்போது திரும்பிப் பாத்துக்குவேன், பாச்சி நிக்கிறாரான்னு.

வாங்கும்போது பாக்கெட்ல ‘ஏதெஷ்’னு இருந்தா இனிப்பு வகை, ‘சீப்போஷ்’னு இருந்தா காரம். இனிப்பு வகையைத்தான் ஸ்பூன் ஸ்பூனா போடுறது. செகெட், கலொச்சா ரெண்டு ஊர்ப் பேர்ல எது கிடைச்சாலும் நல்லது. வாங்குற அன்னைக்கே நிறம் பாருங்க, செங்கல் நிறத்துக்குப் போயிருந்தா பழசு. வெளிச்சம் படாம வைங்க, நான் ஃப்ரிட்ஜ்லதான் வைப்பேன். காரம் வேணுங்கிறவங்களுக்கு மேசையில எரோஷ் பிஷ்தா பாட்டில் வச்சிடுங்க. அரைச்ச காரமிளகாய்ப் பேஸ்ட், நம்ம ஆளுங்களுக்கு ஊறுகாய் மாதிரி பிடிக்கும். சட்டியில காரம் ஏத்தாதீங்க.

இன்னொரு தப்பு தெரியாம நடந்தது. ‘கொமேன்’ சீரகம் இல்ல. அது காரவேன்னு வேற ஒரு விதை. பாக்க ஒரே மாதிரி, கொஞ்சம் கறுப்பா வளைஞ்சு இருக்கும். நம்ம சீரகத்துக்கு இங்க ‘ரோமாயி கொமேன்’னு பேரு, ரோமாபுரி சீரகம். காரவே சரியான சரக்குதான், குயாஷுக்கு அதுதான் வேணும், ஆனா ஒரு டீஸ்பூனுக்கு மேல போனா உங்க பல்லு வைத்தியர் வந்துடுவார். நானும் முதல் வருஷம் இதே காரவேயில ரசம் வச்சுட்டு, தண்ணிதான் சரியில்லைன்னு ரெண்டு வாரம் செகெட்டைத் திட்டிட்டு இருந்தேன்.

இப்ப அந்தப் பையனுக்கு விளக்க வராத விஷயம். ‘குயா’ன்னா மாட்டு மந்தை. ‘குயாஷ்’ மந்தை மேய்க்கிறவர். அவர் புல்வெளியில ஒரே கொப்பரையில ஆக்கித் தின்ன சாப்பாட்டுக்கும் அதே பேராச்சு. இங்க குயாஷ்னா சூப். ஸ்பூன்ல குடிக்கிறது. நீங்க படத்துல பாத்த கெட்டிக் குழம்பு ஜெர்மனியிலயும் அமெரிக்காவுலயும் குயாஷ்னு பேர் வாங்கினது, இங்க அதுக்குப் பொர்கொல்ட்னு பேரு. பொர்கொல்ட்ல புளிச்ச கிரீம் சேத்தா பப்ரிகாஷ், அதைக் கோழியில பண்ணுவாங்க. குயாஷ்ல கிரீம் கிடையாது, மாவு கரைக்கிறது கிடையாது. கெட்டித்தன்மை வெங்காயம் கரைஞ்சும், உருளைக்கிழங்கு லேசா உடைஞ்சும் தானா வரணும்.

சமையல் பாதி தூரம் வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான்: வெங்காயம், கொழுப்பு, பப்ரிகா, கறி, கொஞ்சம் தண்ணி. அங்கயே நிறுத்தினா பொர்கொல்ட். காய்கறியும் நிறையத் தண்ணியும் சேத்துத் தொடர்ந்தா குயாஷ். உங்க ஆள் ‘தாராளமா சொன்னா பொர்கொல்ட்’னு சொன்னது சரியான தீர்ப்புதான்.

அஞ்சு பேருக்கு அளவு: கால்கறி 1 கிலோ, வெங்காயம் அரைக் கிலோ (ரெண்டு வெங்காயம் எல்லாம் காணாது தம்பி), பன்றிக் கொழுப்பு 3 ஸ்பூன், பப்ரிகா குவியலா 3 பெரிய ஸ்பூன், காரவே 1 டீஸ்பூன், பூண்டு 4 பல், தக்காளி 1, கேரட் 3, உருளைக்கிழங்கு 700 கிராம். ‘டேவே பப்ரிகா’ன்னு வெளிர்மஞ்சள் குடைமிளகாய் ஒண்ணோ ரெண்டோ. டேவேன்னா டிவிதான். ‘அடைக்கிறதுக்கானது’ன்னு சொல்ற ரெண்டு வார்த்தையோட முதல் எழுத்துகள், தொலைக்காட்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எனக்கே நாலாவது வருஷம்தான் தெரிஞ்சது. அப்புறம் ஃபெஹேர்ரேபான்னு கேரட் மாதிரியே வெள்ளையா ஒரு கிழங்கு, அது பார்ஸ்லியோட வேர், ரெண்டு போடுங்க. அதை விட்டுடாதீங்க, சூப்போட மணமே அதுலதான். இஞ்சி வேண்டவே வேண்டாம்.

வெங்காயத்தைப் பொடியா நறுக்கி, உப்புப் போட்டு, சின்ன தீயில இருபது நிமிஷம். பிரியாணி வெங்காயம் மாதிரி செவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆகணும். பாத்திரத்தை இறக்குங்க, பப்ரிகா, தண்ணி. திரும்ப அடுப்புல ஏத்தி, கறி, பூண்டு, காரவே, தக்காளி, குடைமிளகாய். மூடி போட்டு ரெண்டு மணி நேரம், அதுவும் பத்தலன்னா இன்னும் அரை மணி. தண்ணி வத்த வத்த அரை டம்ளர் மட்டும் ஊத்துங்க. கால்கறியில இருக்கிற சவ்வு கரையுற வரைக்கும் அது ரப்பர்தான், பொறுமையா இருங்க. குக்கர் இருந்தா இதை முக்கால் மணியில முடிக்கலாம். இங்க குக்கருக்குக் ‘குக்தா’ன்னு பேரு, முதல் தடவை கேட்டப்ப நம்ம குக்கரைத்தான் யாரோ கொச்சையா சொல்றாங்கன்னு நினைச்சேன். கறி மெத்துன்னு ஆனதும் கேரட், வெள்ளைக் கிழங்கு, ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல தண்ணி. பத்து நிமிஷம் கழிச்சு உருளைக்கிழங்கு. ரெண்டு சென்டிமீட்டர் துண்டா, அதுக்குச் சின்னதா வேண்டாம்.

கடைசியில சிப்பெட்கே. ஒரு முட்டை, அது தாங்குற அளவு மாவு, உப்பு, தண்ணி சேக்காம கெட்டியா பிசைஞ்சு, சுண்டுவிரல் நகம் அளவு கிள்ளிக் கிள்ளி கொதிக்கிற சூப்ல போடணும். ‘சிப்பெட்’னாலே கிள்ளுன்னுதான் அர்த்தம். அஞ்சு நிமிஷத்துல மேல வந்துடும்.

மாடு சாப்பிடாதவருக்கு: துருக்கிக்காரங்க கடையில ஆட்டுக்கறி கேளுங்க. ஆட்டுக்கறியில போடுற குயாஷும் இந்த ஊர்ல உண்டு, யாரும் தப்பா பாக்க மாட்டாங்க. மொத்தத்தையும் ஆட்டுலயே வச்சிட்டா ஒரு பாத்திரம் மிச்சம்.

இங்க செகெட் பல்கலைக்கழகத்துல இருந்த செந்த்-ஜ்யோர்ஜிங்கிற விஞ்ஞானி இந்தப் பப்ரிகாவுல இருந்துதான் வைட்டமின் சி-யைக் கிலோ கணக்குல பிரிச்செடுத்தார், 1937-ல நோபல். தினமும் அவர் பேரைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். மூணு மணி நேரம் கொதிச்ச குயாஷ்ல அந்த வைட்டமின் எவ்வளவு மிஞ்சும்னு மட்டும் கேக்காதீங்க.

மிளகுரசம்_புடாபெஸ்ட்

பொருநைக்காரன் சார் எழுதினதுல சைவக்காரங்களுக்கு ஒரு பருக்கை கூட இல்லை, அதனால நான் வர்றேன்.

தம்பி, இங்க சைவ குயாஷுக்கு ஏற்கனவே பேர் இருக்கு: ‘ஹமிஷ் குயாஷ்’. பொய் குயாஷ். கறி வாங்க வழியில்லாதப்ப கிழங்கும் காயும் வச்சுப் பண்றது. பேரைக் கேட்டு முகம் சுளிக்காதீங்க, பொய்யா இருந்தாலும் நல்ல பொய். ஆனா வெறும் உருளைக்கிழங்கு வச்சா சப்புன்னு ஒரு சாம்பார் மாதிரி ஆயிடும். கறி கொடுக்கிற கனம் எங்கிருந்தாவது வரணும். நான் பீன்ஸும் காளானும் போடுவேன்.

மூணு பேருக்கு ‘தர்கபப்’ 200 கிராம். புள்ளி புள்ளியா இருக்கிற காய்ஞ்ச பீன்ஸ். வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் தனியா வேகவைங்க. முழுசா வேகுற வரைக்கும் தக்காளி சேக்காதீங்க, புளிப்பு பட்டா தோல் வேகாம அடம்பிடிக்கும். வெந்த தண்ணியைக் கொட்டாதீங்க, அதுதான் சூப். காளான் 400 கிராம், பெருசு பெருசா வெட்டி, காய்ஞ்ச வாணலியில தண்ணி சுண்டி ஓரம் சிவக்கிற வரைக்கும் வறுத்து எடுத்து வச்சு, கடைசியில சேருங்க. மத்ததெல்லாம் அவர் சொன்ன அதே வரிசைதான். அந்த வெள்ளைக் கிழங்கோட செலரிக் கிழங்கு ஒரு கால் துண்டும் போடுங்க. கறி இல்லாத சட்டிக்கு அது ரொம்ப அவசியம்.

புகைமணம் வேணும்னா ஸ்பானிஷ் புகையூட்டின பப்ரிகா கால் டீஸ்பூன். இங்கத்துப் பப்ரிகாவுல அந்த மணம் கிடையாது. இவங்க பீன்ஸ் குயாஷ்ல புகை போட்ட பன்றிக்கால் போடுறதால வர்ற மணம் அது.

முட்டை சாப்பிடாத பொண்ணுக்கு: மைதாவோட ஒரு பங்கு ரவை, ஒரு ஸ்பூன் எண்ணெய், வெந்நீர் துளித்துளியா விட்டுப் பூரி மாவைவிட கெட்டியா பிசைஞ்சு அரை மணி மூடி வைங்க. அப்புறம் கிள்ளலாம். சொல்லாம இருந்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

முக்கியமானது. பன்றிக் கொழுப்பு சைவச் சட்டி பக்கமே வரக்கூடாது. இந்த ஊர்ல ‘இறைச்சி இல்லை’ன்னு சொல்லிக் கொடுக்கிற பீன்ஸ் சூப்லயும் கோஸ்லயும் கொழுப்பு இருக்கும், அவங்க கணக்குல அது இறைச்சியே இல்லை. நான் ஒரு கேன்டீன்ல நாலு மாசம் சந்தோஷமா லெச்சோ (குடைமிளகாயும் தக்காளியும் வதக்கினது) சாப்பிட்டுட்டு, பிறகு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூங்கலை.

அதனால ஒரு யோசனை. ஒரு கிலோ வெங்காயத்தையும் சூரியகாந்தி எண்ணெயிலயே ஒரே பாத்திரத்துல வதக்கி, பப்ரிகாவும் போட்டு, ரெண்டாப் பிரிச்சுடுங்க. ஒண்ணு கறிக்கு, ஒண்ணு நமக்கு. கண்ணீரும் ஒரு தடவையோட முடிஞ்சிடும்.

பொருநைக்காரன்

எண்ணெயிலயா... சரி. எட்டுப் பேருக்கு அதுதான் நடைமுறை. பாச்சி காதுல விழாம பாத்துக்குங்க அக்கா.

வடமராட்சியான்

நான் வியன்னாவில இருக்கிறன். எல்லாரும் கெட்டிக் குழம்பு பிழை எண்டு சொல்லுறீங்கள், இஞ்ச எங்கட ஊரில அதுதான் சரி! வியன்னாக்காரர் இறைச்சியும் வெங்காயமும் சரிக்குச் சரி நிறை போடுவினம், கேரட்டும் கிடையாது, உருளைக்கிழங்கும் சட்டிக்குள்ள கிடையாது. வெங்காயத்தை நல்லா மண்ணிறமா வதக்குவினம். பப்ரிகா போட்ட உடன ஒரு சின்னக் கரண்டி வினாகிரி ஊத்துவினம், கருகாமல் இருக்கிறதுக்கு. நான் வேலை செய்த சமையலறையில இதை மறந்தால் தலைமைச் சமையல்காரர் கத்துற சத்தம் தெருவுக்குக் கேக்கும். கழுவிக்கொண்டு நிண்ட எனக்கே மனப்பாடம். தம்பி தண்ணிக்குப் பதிலா அதையும் செய்து பார்க்கலாம்.

இன்னொண்டு: முதல் நாள் வைச்சு அடுத்த நாள் சூடாக்கிச் சாப்பிட்டால்தான் ருசி. மீன்குழம்பு போலத்தான்.

பொருநைக்காரன்

வினிகர் நல்ல வழிதான், பொர்கொல்ட்டுக்கு நானே செய்றதுண்டு. பழசானா ருசிங்கிறதும் நூத்துக்கு நூறு. ஆனா குயாஷ்ல சிப்பெட்கேயையும் உருளைக்கிழங்கையும் அன்னன்னைக்குப் போடணும், இல்லன்னா ராத்திரி முழுக்கச் சூப்பைக் குடிச்சுட்டு விடிஞ்சதும் களியா நிக்கும்.

காரசாரம்

அப்ப நான் மூணு தடவ பண்ணது பேரு என்ன?

பொருநைக்காரன்

காரசாரம்னே வச்சிடுங்க அண்ணாச்சி, நல்ல பேருதான்.

தேனிக்காரன்_டெப்ரெசென்

ஞாயித்துக்கிழமை மதியம் எழுதறேன், பாத்திரம் கழுவி முடிச்சாச்சு.

வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆட்டுக்கறிச் சட்டியைப் பொர்கொல்ட் கட்டம் வரைக்கும் கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளிய வச்சுட்டேன். ஃப்ரிட்ஜ்ல இடமில்ல, வெளிய அதைவிடக் குளிர். பப்ரிகா போடும்போது பாத்திரத்தைக் கைப்பிடித் துணியோட தூக்கி ஜன்னல் திண்டுல வச்சு, பத்து வரைக்கும் எண்ணினேன். கை நடுங்கிடுச்சு. ஆனா அந்தச் சிவப்பு! எண்ணெய் மேல அப்படியே மிதந்து வந்தது, அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். “பச்சை வாசனை போச்சா?”ன்னு பதில் வந்துச்சு.

சைவச் சட்டி முதல்ல காலியாச்சு. கறி சாப்பிடறவங்களும் அதுல கரண்டி விட்டுட்டாங்க. முட்டை இல்லாத சிப்பெட்கேல ரவை கொஞ்சம் தூக்கலாப் போச்சு, கடிச்சா லேசா நறநறன்னுச்சு, அக்கா மன்னிக்கணும். வெள்ளைக் கிழங்குன்னு நினைச்சு ஒரு பாக்கெட் முள்ளங்கி வாங்கிட்டு வந்ததைக் கடைசி நேரத்துல அந்தப் பையன்தான் பாத்துத் திருப்பி ஓடினான்.

அவன் ரெண்டு தட்டு சாப்பிட்டான். ‘ஏர்தெகெஷ்’ வரல. ரொட்டி இன்னும் இருக்கான்னு கேட்டான், அப்புறம் உருளைக்கிழங்கு சின்னதா வெட்டிட்டேன்னு அவங்க பாட்டி எப்படி வெட்டுவாங்கன்னு கால் மணி நேரம் பேசினான்.

ஒரு சந்தேகம் பாக்கி. முட்டை சிப்பெட்கே மாவு கைப்பிடி அளவு மிச்சம் இருக்கு. தூக்கிப் போடவா?

மிளகுரசம்_புடாபெஸ்ட்

தூக்கிப் போடாதீங்க! இப்பவே கிள்ளி, துணியில பரப்பி, ஹீட்டர் பக்கத்துல வடாம் மாதிரி காயவைங்க. நல்லா காய்ஞ்சதும் டப்பாவுல போட்டு வச்சா அடுத்த சூப்புக்கு ஆச்சு. வேகுறதுக்கு மட்டும் பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும்.